இரக்கம் மட்டும் போதுமா?

கோவில் வாயிலிலோ பேருந்து நிலையத்திலோ கண்ணிழந்த ஒருவர் கை நீட்டுகிறார். சட்டைப் பையில் அகப்பட்ட நாணயத்தை அவர் தட்டில் இட்டுவிட்டு நாம் நடக்கிறோம். இட்டவருக்கு ஒரு மனநிறைவு. பெற்றவருக்கு அன்றைய தேநீர்ச் செலவு. மறுநாளும் அவர் அதே இடத்தில்தான் இருப்பார். நம் நாணயம் அவருடைய பசியைச் சற்றுத் தள்ளிவைத்ததேயன்றி, அவருடைய வாழ்வை ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை.

இதனால் ஈகை வீண் என்று சொல்லிவிட முடியாது. பார்வையற்றோருக்கென உலகில் தோன்றிய அறச்சங்கங்கள் எல்லாம் ஈகையில்தான் பிறந்தன. இன்றும் ஈகையால்தான் நடக்கின்றன. ஆனால் அவற்றின் வரலாற்றைப் படிப்போருக்கு ஓர் உண்மை தெளிவாகப் புலப்படும். இரக்கம் மட்டும் ஆட்சி செய்த காலத்தில் பார்வையற்றோர் உயிரோடு இருந்தனர். அவர்களுடைய சொல்லும் சபை ஏறிய பின்னரே வாழத் தொடங்கினர். இதை மனத்திற் கொண்டு அந்த வரலாற்றை ஒருமுறை திருப்பிப் பார்ப்போம்.

அரசர் அமைத்த இல்லம்

பிரான்சு நாட்டை ஆண்ட புனித லூயிஸ் மன்னர் 1260-ஆம் ஆண்டளவில் பாரீஸ் மாநகரில் ஏழைப் பார்வையற்றோருக்கென ஓர் இல்லத்தை நிறுவினார். முந்நூறு பேருக்கு அங்கே இடம் இருந்தது. பதினைந்து இருபதுகள் முந்நூறு அல்லவா? அக்கால பிரெஞ்சு எண்முறைப்படி அந்த இல்லத்துக்குப் ‘பதினைந்து இருபதுகள்’ என்றே பெயர் வழங்கிற்று. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அப்பெயர் மறையவில்லை. பாரீஸில் இன்று புகழ்பெற்ற அரசுக் கண் மருத்துவமனை ஒன்று அதே பெயரைத் தாங்கி நிற்கிறது.

அக்காலத்தில் இது பெருஞ்செயல். தெருவில் கிடந்தவனுக்குக் கூரையும் உணவும் வழிபாட்டிடமும் கிடைத்தன. ஆயினும் இல்லத்தைச் சேர்ந்தோர் நகரில் இரந்தும் பொருள் சேர்க்க வேண்டியிருந்தது. அரச குடும்பத்தின் லீலி மலர்ச் சின்னத்தை ஆடையில் அணிந்துகொண்டு அவர்கள் வீதிகளில் கை நீட்டினர். அரசர் பாதுகாப்பு அளித்தார், தொழில் அளிக்கவில்லை. பார்வையற்றவன் ஒரு தொழிலைக் கற்கக்கூடும் என்ற எண்ணமே அன்று எவருக்கும் உதிக்கவில்லை.

சந்தையில் ஒரு கேலிக்கூத்து

ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1771-இல், பாரீஸில் நடந்த ஒரு சந்தையில் வியாபாரி ஒருவன் பார்வையற்ற சிலரை மேடையேற்றினான். அட்டையால் செய்த பெரிய மூக்குக் கண்ணாடிகளை மாட்டி, கோமாளித் தொப்பி அணிவித்து, இசை ஏடுகளை எதிரே வைத்து, அவர்களைக் கன்னாபின்னாவென்று வாத்தியம் வாசிக்க வைத்தான். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அங்கே நின்ற வாலாந்தேன் ஹவுய் என்பவருக்குச் சிரிப்பு வரவில்லை. பல மொழிகள் அறிந்த இவர், படிகவியலின் தந்தை எனப் போற்றப்படும் குருவானவர் ரெனே ஜுஸ்த் ஹவுயின் உடன்பிறந்தவர். பார்வையற்றோரின் கையில் போலி ஏட்டைக் கொடுத்தார்கள். அவர்களால் படிக்கக்கூடிய மெய்யான ஏட்டை நான் கொடுப்பேன் என்று அவர் உறுதி பூண்டார்.

அவருக்கு வாய்த்த முதல் மாணவன் பிரான்சுவா லெசூர் என்னும் இளைஞன். கோவில் வாயிலில் இரந்து தன் குடும்பத்தைக் காத்து வந்தவன். படிக்க வந்தால் அன்றைய வருவாய் போய்விடுமே! அந்த இழப்பை ஈடுசெய்ய ஹவுய் தம் பணத்தையே அவனுக்குக் கொடுத்தார். இது நாம் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி. ஏழைக்குக் கல்வி இலவசமாய் இருந்தால் மட்டும் போதாது. கற்கும் காலத்தில் அவன் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும்.

தாளில் மேடாக எழும்பி நிற்கும் எழுத்துகளை விரலால் தடவி அந்த இளைஞன் படித்தான். 1785-ஆம் ஆண்டளவில் ஹவுயின் பள்ளி நடைபெறத் தொடங்கிற்று. பார்வையற்ற சிறுவர்க்கென உலகில் எழுந்த முதற் பள்ளிகளுள் அதுவே பேர்பெற்றது.

ஆறு புள்ளிகள்

அந்தப் பள்ளிக்கு 1819-இல் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். லூயி பிரெயில் என்பது அவன் பெயர். பாரீஸுக்கு அருகிலுள்ள கூவ்ரே என்ற சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாக 1809-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் பிறந்தவன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடும்போது தோலைத் துளைக்கும் கருவி கண்ணில் குத்திற்று. புண் மறு கண்ணுக்கும் பரவி, இரு கண்களும் ஒளியிழந்தன. அவனுடைய அறிவுக் கூர்மையைக் கண்ட ஊர்ப் பங்குக்குரு முதலில் தாமே அவனுக்குப் பாடம் சொன்னார்.

பள்ளியில் மேடெழுத்து நூல்கள் சிலவே இருந்தன. அவை பருமனானவை, விலை மிக்கவை. ஓர் எழுத்தைத் தடவி அறிந்து அடுத்ததற்குச் செல்வதற்குள் முந்தியது மறந்துபோகும். அம்முறையில் படிக்கலாம், எழுத இயலாது. படைத் தளபதி சார்ல் பார்பியே என்பவர் இருட்டில் செய்தி படிப்பதற்கென அமைத்த புள்ளி முறை ஒன்று அப்பள்ளிக்கு வந்தது. அதில் ஒரு கட்டத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள். விரல் நுனியில் அவை அடங்கவில்லை. பிரெயில் அவற்றை ஆறாகக் குறைத்தார். ஆறு புள்ளிகளைப் பல வகையாக அமைத்தால் 63 குறிகள் கிடைக்கின்றன. எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசைக்குறி யாவும் அவற்றுள் அடங்கிவிடும். இந்த முறையை அவர் வகுத்தபோது அவருக்கு வயது பதினைந்து. அதை நூலாக வெளியிட்டது 1829-இல்.

இத்தகைய அரிய முறையைப் பள்ளி உடனே ஏற்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1840-களின் தொடக்கத்தில் பள்ளித் தலைவர் ஒருவர் அதற்குத் தடையே விதித்தார். கண்ணுள்ள ஆசிரியர்களுக்கு அந்தப் புள்ளிகள் விளங்கவில்லை. வழக்கமான எழுத்தின் வடிவம் கொண்ட மேடெழுத்தே அவர்களுக்கு வசதியாக இருந்தது. படிப்பவர் மாணவர், வசதி பார்த்தவர் ஆசிரியர். மாணவர்களோ மறைவாகப் புள்ளி எழுத்திலேயே எழுதி வந்தனர். இறுதியில் பள்ளி இறங்கி வந்தது. ஆயினும் அது முறைப்படி ஏற்கப்பட்டது 1854-இல்தான். பாரீஸ் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தும், பள்ளியில் கற்பித்தும் வாழ்ந்த பிரெயில் 1852-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் காசநோயால் இறந்திருந்தார். நூறாண்டு கழித்து, 1952-இல், பிரான்சு தன் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தேயோன் மண்டபத்துக்கு அவர் உடலைக் கொண்டு சென்றது. அவருடைய கைகளின் எலும்புகளை மட்டும் கூவ்ரே மக்கள் தம் ஊரிலேயே வைத்துக்கொண்டனர்.

ஒரு மருத்துவரின் நிபந்தனை

இங்கிலாந்தில் அப்போது வேறொரு குழப்பம் நிலவிற்று. பார்வையற்றோருக்கு உதவ முன்வந்த நல்லோர் பலர் ஆளுக்கொரு மேடெழுத்து முறையை வகுத்திருந்தனர். பிரிஸ்டலில் ஒன்று, கிளாஸ்கோவில் ஒன்று, எடின்பரோவில் ஒன்று, பிரைட்டனில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிச் சங்கம், தனி நன்கொடை, தனி நூல்கள். ஒரு நகரில் எழுதப் படிக்கக் கற்றவர் மறு நகரில் எழுத்தறியாதவர் ஆனார். கொடுத்த பணம் குறைவில்லை. கொடுத்தோர் மனத்திலும் குறையில்லை. எந்த முறை விரலுக்கு எளிது என்று விரலால் படிப்போரை எவரும் கேட்கவில்லை என்பதே குறை.

அதைக் கேட்டவர் தாமஸ் ரோட்ஸ் ஆர்மிட்டேஜ். 1824-இல் பிறந்த இவர் மருத்துவர். பார்வை மங்கிக்கொண்டே வந்ததால் தொழிலைக் கைவிட நேர்ந்தவர். செல்வத்துக்குக் குறைவில்லை. லண்டன் நகரின் ஏழைப் பார்வையற்றோரை வீடு தேடிச் சென்று காணும் சங்கத்தில் சேர்ந்து, அவர்களுடைய வறுமையை நேரில் அறிந்தார். 1868-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் தம் இல்லத்தில் நண்பர் சிலரைக் கூட்டி ஒரு சங்கத்தைத் தொடங்கினார்.

அதன் ஆட்சிக் குழுவுக்கு அவர் இட்ட நிபந்தனைகள் மூன்று. உறுப்பினர் தடவிப் படிக்கும் பார்வையற்றவராய் இருக்க வேண்டும். குறைந்தது மூன்று எழுத்து முறைகளையாவது அறிந்திருக்க வேண்டும். எந்த முறையிலும் அவருக்குப் பண ஆதாயம் இருத்தல் ஆகாது. இந்தக் குழு பல முறைகளையும் ஆராய்ந்து, பலருடைய கருத்தைக் கேட்டு, 1870-இல் பிரெயில் முறையே சிறந்ததெனத் தீர்ப்பளித்தது. ஆங்கில நாட்டில் பிரெயில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பால்தான்.

கல்வியோடு தொழிலும் வேண்டும் என்பதை ஆர்மிட்டேஜ் மறக்கவில்லை. பாரீஸில் பயின்ற பார்வையற்றோர் இசையாலும் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதாலும் பிழைப்பதைக் கண்ட அவர், அமெரிக்காவிலிருந்து வந்த பிரான்சிஸ் காம்ப்பெல் என்ற பார்வையற்ற இசையாசிரியரைத் தம்முடன் இருத்திக்கொண்டார். இருவரும் சேர்ந்து 1872-இல் லண்டனில் பார்வையற்றோர்க்கான இசைக் கல்லூரியைத் தொடங்கினர். 1890-இல் ஆர்மிட்டேஜ் இறந்த பின்னரும் அவருடைய சங்கம் தழைத்தது. 1914-இல் அது தேசிய நிறுவனம் ஆயிற்று. 1953-இல் ‘அரச’ என்னும் அடைமொழியும் பெற்றது. இன்று பிரித்தானியாவில் பார்வையற்றோர்க்கான தலையாய அறநிறுவனம் அதுவே.

அதன் பெயரில் 2002-ஆம் ஆண்டு ஒரு சிறு மாற்றம் செய்தனர். அதுவரை ‘பார்வையற்றோருக்கான நிறுவனம்’ என்று வழங்கிய பெயர், ‘பார்வையற்றோரின் நிறுவனம்’ என மாறிற்று. அவர்களே உறுப்பினராய் நின்று நடத்தும் நிறுவனமாக அது தன்னை அமைத்துக்கொண்டதால் வந்த மாற்றம் அது. தமிழில் ஒரு வேற்றுமை உருபின் வேறுபாடுதான். ஆனால் ‘உங்களுக்கு நாங்கள் செய்கிறோம்’ என்பதற்கும் ‘இது உங்களுடையது’ என்பதற்கும் எத்தனை தொலைவு!

நீதியைக் கேட்ட ஊர்வலம்

இங்கிலாந்தின் பார்வையற்ற தொழிலாளர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, 1899-இல் அதைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்திருந்தனர். அறநிலையங்கள் நடத்திய தொழிற்கூடங்களில் பாய் முடைந்தும் கூடை பின்னியும் தூரிகை செய்தும் வந்தவர்கள் அவர்கள். கூலி மிகச் சொற்பம். குறை சொன்னால் நன்றியற்றவர் என்ற பழி. 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நாட்டின் மூன்று பகுதிகளிலிருந்து அவர்கள் கால்நடையாக லண்டனுக்குப் புறப்பட்டனர். முன் செல்பவரின் தோளில் கை வைத்தும், கயிற்றைப் பற்றியும் வாரக்கணக்கில் நடந்து வந்தனர். அவர்கள் ஏந்திய பதாகையில் கண்ட வாசகம்: எங்களுக்குத் தருமம் வேண்டாம், நீதி வேண்டும்.

பிரதமர் லாயிட் ஜார்ஜ் அவர்களைச் சந்தித்தார். அவ்வாண்டே பார்வையற்றோர் சட்டம் நிறைவேறிற்று. மற்றவர்க்கு எழுபது வயதில் கிடைத்த முதியோர் ஓய்வூதியம் பார்வையற்றோருக்கு ஐம்பது வயதிலேயே கிடைக்கலாயிற்று. அவர்களுடைய நலனைக் கவனிக்கும் கடமை உள்ளாட்சிகளுக்கு விதிக்கப்பட்டது.

தருமம் வேண்டாம் என்ற சொல் ஈகையாளரின் செவிக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதன் பொருளை ஆராய்ந்தால், நாம் மறைக்கல்வியில் கற்றதற்கு அது மாறானதன்று. உழைத்தவனுக்கு உரிய கூலியை மறுத்துவிட்டு, அதே கூலியில் ஒரு பங்கைப் பிச்சையாக இடுவது அன்பாகாது. நீதிக்குரிய கடனைச் செலுத்திய பின் தொடங்குவதே அன்பின் பணி.

செவிக்கு வந்த நூல்கள்

முதல் உலகப் போர் ஆயிரக்கணக்கான இளைஞரைக் கண்ணற்றவராக வீடு அனுப்பிற்று. பெரும் பத்திரிகை அதிபராய் இருந்து, கண் நோயால் பார்வை இழந்த சர் ஆர்தர் பியர்சன், அவர்களுக்கென 1915-இல் லண்டனில் புனித டன்ஸ்டன் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே கோழி வளர்ப்பு, மரவேலை, உடல் பிடிப்பு மருத்துவம், தட்டச்சு, தொலைபேசி இணைப்பு வேலை முதலியன கற்பித்தனர். பரிதாபப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. வந்த வீரனுக்குத் தடவி மணி அறியும் கைக்கடிகாரம் கொடுத்தனர். யாரையும் கேட்காமல் நேரம் அறிந்துகொள்வது விடுதலையின் முதற்படி என்பது பியர்சனின் எண்ணம்.

வயது வந்த பின் பார்வை இழந்தோர்க்குப் பிரெயில் எளிதில் கைவருவதில்லை. உழைத்துக் காய்த்த விரல்களும், போரில் காயமுற்ற விரல்களும் நுண்ணிய புள்ளிகளை உணர மறுக்கும். இவர்களுக்காகவே புனித டன்ஸ்டன் இல்லமும் தேசிய நிறுவனமும் இணைந்து 1935-ஆம் ஆண்டு நவம்பரில் ‘பேசும் நூல்’ நூலகத்தைத் தொடங்கின. இசைத்தட்டில் ஒருவர் நூலைப் படித்துப் பதிவு செய்வார். மெதுவாகச் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடப் பேச்சு அடங்கும். ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டுகள் வேண்டும். கண்ணிழந்த முதியவர் தம் அறையில் அமர்ந்து, பிறர் தயவை நாடாமல் முழு நூலைக் கேட்டு முடிக்கலாம் என்ற நிலை அன்றுதான் வந்தது.

இசைத்தட்டு போய் ஒலிநாடா வந்தது. நாடா போய்க் குறுந்தகடு வந்தது. இன்று கைப்பேசியே நூலைப் படித்துக் காட்டுகிறது. கணிப்பொறித் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்கள் நெடுங்காலம் பெரும் விலைக்கே விற்கப்பட்டன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் ‘என்.வி.டி.ஏ.’ என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கி, பார்வையற்ற தம் நண்பருடன் சேர்ந்து அதை எல்லோருக்கும் இலவசமாக வழங்கினார். தமிழையும் அது படிக்கும். அதை வளர்த்து வரும் அறநிறுவனத்துக்கு நன்கொடையும் துணைசெய்கிறது.

முழு இருளும் அரை இருளும்

பார்வையற்றோர் என்றதும் முழு இருளில் வாழ்வோரையே நாம் எண்ணுகிறோம். உண்மையில் இத்தகைய சங்கங்களை நாடி வருவோரில் பெரும்பாலோர்க்குச் சிறிதளவு பார்வை உண்டு. ஒருவருக்கு நடுப்பார்வை மறைந்து ஓரப்பார்வை மட்டும் இருக்கும். முகம் தெரியாது, ஆனால் மேசையில் இடறாமல் நடப்பார். மற்றொருவருக்குக் குழாய் வழியே காண்பதுபோல் நடுவில் மட்டும் தெரியும். செய்தித்தாள் படிப்பார், ஆனால் பக்கத்தில் நிற்கும் நாற்காலியில் மோதிக்கொள்வார். பார்ப்பவர்களோ, ‘கண் தெரியாது என்கிறான், பத்திரிகை படிக்கிறானே, நடிக்கிறான்’ என்று பேசிவிடுகின்றனர். இந்தச் சொல் எத்தனை பேரின் உள்ளத்தைப் புண்படுத்தியிருக்கிறது!

முன்னொரு காலத்தில், மங்கிய பார்வையைப் பயன்படுத்தினால் அது தேய்ந்துவிடும் என்று மருத்துவரும் அஞ்சினர். அத்தகைய சிறுவர்க்கு 1908-இல் லண்டனில் தொடங்கிய தனி வகுப்புகளில் நூல்களையே விலக்கி வைத்தனர். பயன்படுத்துவதால் பார்வை கெடாது என்பது பின்னர் தெளிவாயிற்று. எஞ்சியுள்ள பார்வையை உருப்பெருக்கி, நல்ல வெளிச்சம், பெரிய எழுத்து ஆகியவற்றால் துணைசெய்து பயன்படுத்தப் பழக்குவதே இன்றைய முறை. லெஸ்டர் நகரின் நூல் வெளியீட்டாளர் பிரெடெரிக் தார்ப் 1964-இல் பெரிய எழுத்தில் நாவல்களை அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அந்த வெளியீட்டின் ஆதாயம் கண் மருத்துவ ஆராய்ச்சிக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்லும் அறக்கட்டளையாக வளர்ந்தது.

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பார்வையின்மையையும் குறைபார்வையையும் தனித்தனியே வரையறுத்துள்ளது. கண்ணாடி அணிந்த பின்னும் நல்ல கண்ணில் பார்வைத்திறன் 3/60-க்குக் கீழ் இருந்தால் பார்வையின்மை. 6/18 முதல் 3/60 வரை குறைபார்வை. அரசுப் பணியிடங்களில் இவ்விரு வகையினர்க்கும் சேர்த்து நூற்றுக்கு ஒன்று ஒதுக்கவும் அச்சட்டம் வகை செய்கிறது. பலருக்கு இது தெரியாததால் சான்றிதழ்கூடப் பெறாமல் இருந்துவிடுகின்றனர்.

நம் மண்ணில்

இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முதற்பள்ளியை 1887-இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் என்ற மறைப்பணியாளர் தொடங்கினார். மூன்றாண்டுகளில், 1890-இல், பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். நம் சகோதர சபையாரின் அந்தப் பணி நூற்றாண்டைக் கடந்து நடைபெற்று வருகிறது. தென்னாட்டின் எத்தனையோ பார்வையற்ற ஆசிரியர்கள் அங்கே விரல் பதித்துக் கற்றவர்கள்.

இங்கிலாந்தின் எழுத்துக் குழப்பம் இங்கும் வந்தது. ஒவ்வொரு மறைப்பணியாளரும் கல்வியாளரும் தத்தம் மொழிக்கு ஒரு முறை வகுத்தனர். விடுதலைக்குப் பின், உலக நாடுகளின் கல்வி அமைப்பான யுனெஸ்கோவின் முயற்சியும் துணைசெய்ய, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ‘பாரதி பிரெயில்’ 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழின் ‘க’வுக்கும் இந்தியின் ‘க’வுக்கும் அதில் ஒரே குறிதான். அடுத்த ஆண்டு, 1952-இல், பம்பாயில் தேசியப் பார்வையற்றோர் சங்கம் தோன்றிற்று. 1985-இல் மதுரையில் எஸ். எம். ஏ. ஜின்னா இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை நிறுவினார். அவரும் பார்வையற்றவர் என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆர்மிட்டேஜ் லண்டனில் ஊன்றிய கொள்கை வைகைக் கரையிலும் முளைத்தது எனலாம்.

அச்சான நூலைப் பிரெயிலிலோ ஒலியிலோ மாற்றுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் பல நாடுகளில் தடையாக இருந்தது. அத்தடையை நீக்க 2013-இல் மொரோக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் ஓர் உலக ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2014-இல் அதை உறுதிப்படுத்தி ஏற்ற முதல் நாடு இந்தியா. இதை நாம் பெருமையோடு நினைக்கலாம்.

தடுக்கக்கூடிய இருள்

பார்வையற்றோர்க்கு உதவுவதோடு, பார்வையின்மையே வராமல் தடுக்கவும் வேண்டும் என்று உலகை உணரச் செய்தவர் சர் ஜான் வில்சன். பன்னிரண்டு வயதில் பள்ளி இரசாயனக் கூடத்தில் நேர்ந்த விபத்தில் இரு கண்களையும் இழந்தவர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். 1946-இல் ஆப்பிரிக்க நாடுகளைச் சுற்றி வந்தபோது, சிறிதளவு மருந்தாலும் சிகிச்சையாலும் தடுத்திருக்கக்கூடிய குருட்டுத்தன்மையில் ஊர் ஊராக மக்கள் வாடுவதை அறிந்தார். 1950-இல் அவர் தொடங்கிய சங்கம், பின்னர் காமன்வெல்த் பார்வையற்றோர் சங்கம் என வழங்கி, இந்தியாவின் கண் முகாம்களுக்கும் பெருந்துணையாயிற்று.

அவருடைய நண்பருள் ஒருவர் நம் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரத்துக்கு அருகில் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர். முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போயும், அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகியவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் தர இயன்றோர் தருவது, இயலாதோர் சிகிச்சைக்கு உதவும். தரம் இருவர்க்கும் ஒன்றே. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்துகொண்டிருந்த நாளில், 1992-இல் மதுரையிலேயே அதைச் செய்ய ஒரு தொழிற்கூடம் எழுந்தது. வில்லையின் விலை இறங்கிற்று. கண்புரையால் முடங்கிக் கிடந்த எண்ணற்ற முதியோர் எழுந்து நடந்தனர். உலகில் 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டென்றும், அவர்களுள் 100 கோடிப் பேரின் குறை தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. செய்ய வேண்டியது இன்னும் எவ்வளவு!

கருவிழி பழுதானோர்க்கு மற்றொருவரின் கருவிழியே மருந்து. இத்தாலி நாட்டுக் குரு கார்லோ நோக்கி, போரில் ஊனமுற்ற சிறுவர்க்காக வாழ்ந்தவர். 1956 பிப்ரவரியில் இறக்கும்போது தம் இரு கருவிழிகளையும் பார்வையற்ற இரு இளையோர்க்கு அளித்தார். அதற்கான சட்டமே அந்நாட்டில் அன்று இல்லை. அவருடைய செயலே சட்டம் பிறக்கவும் வழிகோலிற்று. 2009-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. கண்தானம் நம் விசுவாசத்துக்கு ஏற்றதோ என்று ஐயுறும் குடும்பங்களுக்கு இதைவிடச் சிறந்த விடை வேண்டுமா?

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

நன்கொடை கேட்டு வரும் சங்கம் எதுவாயினும், சில கேள்விகளைக் கேட்போம். அதன் ஆட்சிக் குழுவில் பார்வையற்றோர் இருக்கிறார்களா? வரவு செலவுக் கணக்கை வெளியிடுகிறதா? அங்கே பயின்றோர் இன்று எங்கே, என்ன தொழில் செய்கின்றனர்? பதிவு எண்ணும் முகவரியும் சொல்லத் தயங்கும் ரசீதுப் புத்தகத்துக்கு நம் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. நேர்மையான சங்கம் இக்கேள்விகளால் வருந்தாது, மகிழும்.

பணம் இல்லாதவரும் கொடுக்கக்கூடியவை உண்டு. பார்வையற்ற மாணவர் தேர்வில் விடையை வாயால் சொல்ல, அதைத் தாளில் எழுதித் தர ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைக்காமல் தேர்வு நாளன்று தவிப்போர் பலர். நம் இல்லத்து இளைஞர்கள், விதிகள் இடந்தரும் அளவில், ஆண்டுக்கு இரு நாள் இதற்கு ஒதுக்கலாம். பாடநூலைப் படித்து ஒலிப்பதிவு செய்து தரலாம். பிரெயில் நூல் பொதிகளை அஞ்சல் துறை கட்டணமின்றியே கொண்டு சேர்க்கிறது. அஞ்சலகத்துக்குச் சென்று அனுப்பிவைக்க ஒருவர் போதும்.

சாலையில் பார்வையற்றவரைக் கண்டால் கையைப் பிடித்து இழுத்துச் செல்லாதீர்கள். ‘உதவி வேண்டுமா?’ என்று முதலில் கேளுங்கள். வேண்டுமென்றால் உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளட்டும். நீங்கள் அரையடி முன்னே நடந்தால், உங்கள் அசைவைக்கொண்டே படியையும் வளைவையும் அவர் அறிந்துகொள்வார். அவருக்குத் தேநீர் வேண்டுமா என்று உடன் வந்தவரிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள். விடைபெறும்போது சொல்லிவிட்டுச் செல்லுங்கள். இல்லையேல் அவர் வெறும் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார்.

குழந்தைகளுக்குக் கீரையும் பப்பாளியும் மாம்பழமும் கொடுங்கள். உயிர்ச்சத்து ‘ஏ’ குறைவால் வரும் குருட்டுத்தன்மையைச் சமையலறையிலேயே தடுக்கலாம். பாட்டிக்குக் கண் மங்கினால், வயது ஆயிற்று என்று ஒதுக்காமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீரிழிவு உடையோர் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்துக்கொள்வது கட்டாயம். வீட்டில் இறப்பு நேர்ந்தால், துயரின் நடுவிலும் யாரேனும் ஒருவர் கண் வங்கிக்குச் செய்தி சொல்லட்டும். ஆறு மணி நேரத்துக்குள் கண்களைப் பெற வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைப்பது நலம். முன்பே பதிவு செய்திருப்பினும் குடும்பத்தாரின் இசைவு தேவை. ஆதலால் இதுபற்றி வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

எரிக்கோ நகருக்கு அருகே வழியோரம் அமர்ந்திருந்த பார்வையற்றவரை நாம் அறிவோம். கூட்டம் அவரை அதட்டி அடக்கிற்று. ஆண்டவரோ அவரை அழைப்பித்து, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டார். பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது எல்லாம் அறிந்தவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். அந்தக் கேள்வியில் அந்த மனிதருக்கு உரிய மதிப்பு அடங்கியிருக்கிறது. நம் பங்குகளும் நம் குடும்பங்களும் நம் சங்கங்களும் இனி உதவிக்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகட்டும். விடையைப் பொறுமையோடு செவிமடுக்கட்டும். பின்னர் இடும் நாணயம் சிறிதாயினும், அது சேர வேண்டிய இடத்தைச் சென்று சேரும்.